சூடேறும் இருக்கையும் பழைய ஸ்போர்ட்ஸ் காரும்

ஆலுவாவில் வாழும் நம்மவர்க்கு இருக்கை சூடாக வேண்டும் என்று சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும். பெரியாற்றங்கரையில் ஆண்டின் பெரும்பகுதி வியர்வையே துணை. இருக்கை குளிர வேண்டும் என்று ஏங்குவோர் உண்டு. சுட வேண்டும் என்று ஏங்குவோர் யார்? ஆயினும் ஆலுவா, களமசேரி, மட்டாஞ்சேரிப் பகுதிகளில் நன்றாகப் பொருளீட்டும் நம் இளைஞர் சிலர், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதன் இருக்கைகளுக்குச் சூடேற்றும் அமைப்பைப் பொருத்த விரும்புகின்றனர். காரணம் கேட்டால், 'மூணாறு' என்று ஒரே சொல்லில் விடை வருகின்றது. அவ்விடை தள்ளத்தக்கதன்று. இப்பொருள் பற்றிக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுவோம்.

மலைப்பாதை

ஆலுவாவுக்கும் மூணாற்றுக்கும் இடையே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பூயங்குட்டிக் காட்டு வழியே சென்ற பழைய பாதையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. பின்னர் நேரியமங்கலம் வழியே புதுவழி அமைந்தது; அங்கே பெரியாற்றின் மீது எழுந்த பாலம் 1935இல் திறந்தது. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழரே. இன்றும் ஆலுவாவில் ஒரு கிளையும் மூணாற்றில் ஒரு கிளையுமாக வாழும் குடும்பங்கள் பல. பொங்கலுக்கும் திருமணத்துக்கும் இவ்வழி ஏறி இறங்குவது நமக்குப் புதிதன்று.

கடல்மட்டத்தை ஒட்டிய ஆலுவாவிலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காலநிலையே மாறிவிடுகின்றது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் மூணாற்றில் வெப்பம் சில வேளை சுழியத்தையே தொடும். புல்வெளிமீது வெண்பனி உறையும். ஏறும்போது எஞ்சின் சூடாயிருப்பதால் காருக்குள்ளிருக்கும் காற்றுச் சூடாக்கியே போதும். இரவு முழுவதும் வெளியில் நின்ற காரை மறுநாள் விடியலில் எடுக்கும்போதுதான் தொல்லை. எஞ்சின் நீர் சூடேறும் வரையில் காற்றும் சூடேறாது. தோல் உறையிட்ட இருக்கையோ பனிக்கட்டியாயிருக்கும். இருக்கைச் சூடாக்கி எஞ்சினை எதிர்பாராமல் மின்சாரத்தில் இயங்குவதால், இரண்டு மூன்று நிமிடங்களில் இதம் தரும். மேற்கூரை திறக்கும் கார்களில் சூடான காற்றை வெளிக்காற்று அடித்துச் சென்றுவிடும். உடலை ஒட்டிய இருக்கையின் சூடு நிலைத்து நிற்கும்.

இது புதுமையுமன்று. அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாடலில் விரும்பியோர்க்கு இவ்வசதியைத் தந்தது. குளிர்நாடாகிய சுவீடனின் சாப் நிறுவனம் 1972ஆம் ஆண்டு மாடலில் ஓட்டுநர் இருக்கைக்கு இதை இயல்பாகவே வைத்தது.

இயங்கும் முறை

இதன் தத்துவம் நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் தத்துவமே. மெல்லிய கம்பியோ கரிநாரோ பதித்த விரிப்பொன்றை இருக்கையின் பஞ்சுக்கும் மேலுறைக்கும் இடையே வைப்பார்கள். இருக்கையின் அடிப்பாகத்துக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று. மின்சாரம் பாயும்போது அது சூடேறும். குறிப்பிட்ட வெப்பநிலையில் மின்சாரத்தை நிறுத்த ஒரு கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. அக்கருவியே இவ்வமைப்பின் உயிர்நாடி. அது இல்லாத மலிவுச் சரக்கை வாங்குதல் ஆகாது.

ஓர் இருக்கைக்கு ஏறத்தாழ 50 வாட் எனக் கொண்டால் இரண்டுக்கு 100 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இது எட்டு ஆம்பியருக்குச் சற்று மிகுதியாக இழுக்கும். எஞ்சின் ஓடும்போது இது பெரிய சுமையன்று. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சூட்டை அனுபவித்தால், 50 ஆம்பியர்-மணி பாட்டரியில் மூன்று மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். குளிரில் பாட்டரியின் வலிமை குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மலையுச்சியில் கார் கிளம்பாமல் நிற்க வேறு காரணம் வேண்டா.

வாங்குமுன் பார்க்க வேண்டுவன

இருக்கையைச் சூடாக்கும் முன் இருக்கையின் வரலாற்றை அறிய வேண்டும். 2018 ஆகஸ்டு மாதத்தை ஆலுவா மறக்காது. 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. அடைமழையும் சேர, பெரியாறு ஊருக்குள் புகுந்தது. வீடுகளோடு கார்களும் மூழ்கின. மூழ்கிய கார்களைத் துடைத்து மெருகிட்டு விற்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரோ தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பது. பிற கார்களின் சக்கரம் மட்டும் நனையும் நீர் இதன் இருக்கைக்கே வந்துவிடும்.

ஆகவே இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, அதன் தண்டவாளத்தில் வண்டலும் துருவும் உள்ளனவா என்று பாருங்கள். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்து நீர்க்கறை உண்டா எனக் காணுங்கள். இருக்கையின் அடியிலுள்ள மின் இணைப்புகளில் செம்பு பச்சை பூத்திருந்தால் அந்தக் காரை விட்டு விலகுதல் நன்று. அவ்விணைப்புகள் வழியாகவே காற்றுப்பைக்கும் கட்டளை செல்கின்றது.

ஆவணமும் அவ்வாறே. 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாக முறையின்றி வந்தனவாகக் கருதப்பட்ட பழைய சொகுசு வாகனங்களைத் தேடிச் சுங்கத்துறையினர் கேரளத்தில் பல இடங்களில் சோதனையிட்டனர். மலிவு என்று மயங்கினால் பணமும் போய் அலைச்சலும் வரும். ஆர்.சி. புத்தகம், முன்னுரிமையாளர் வரிசை, கடன் தீர்ந்த சான்று ஆகியவற்றை நேரில் சரிபாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவுள்ள காரைக் கொண்டுவந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி இங்குப் பதிவெண் பெறவேண்டும். ஆலுவாவினர்க்கு அது கே.எல்.41, மட்டாஞ்சேரியினர்க்குக் கே.எல்.43.

பொருத்தும் முறை

முதலில் அந்தக் காரின் மாடலுக்கே தொழிற்சாலையில் சூடேறும் இருக்கை செய்யப்பட்டதுண்டா என்று விசாரியுங்கள். குளிர்நாடுகளுக்கும் அனுப்பப்பட்ட மாடல்களாயின் பெரும்பாலும் உண்டு. அசல் விரிப்போ அதே மாடலின் அசல் இருக்கையோ கிடைத்தால் அதுவே தலைசிறந்த வழி. கிடைக்காவிடில் மட்டுமே தனியாக விற்கும் விரிப்பை நாட வேண்டும்.

இவ்வேலைக்கு இரு கைகள் தேவை: குஷன் வேலை தெரிந்த கை ஒன்று, வயரிங் தெரிந்த கை மற்றொன்று. இரண்டும் ஒருவரிடமே இருப்பது அரிது. குஷன்காரர் வயரையும், மெக்கானிக் தையலையும் தொட்டால் விளைவு நன்றாயிராது.

பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின், காரின் கையேட்டில் குறித்த நேரம் காத்திருந்தே இருக்கையின் இணைப்புகளைப் பிரிக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்பு காற்றுப்பைக்குரியது. அதைப் பிரித்து வைத்திருக்கும்போது சாவியைத் திருப்பலாகாது. இருக்கையின் ஓரத்தில் காற்றுப்பை இருக்குமாயின், அப்பக்கத்துத் தையல் அது வெடித்து விரிவதற்கென்றே அமைந்தது. அதைப் பிரித்து வேறு நூலால் தைப்பதும், அதன்மேல் தடித்த உறை போடுவதும் உயிரோடு விளையாடுவதேயாகும். பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பதை எடையால் அறியும் கருவி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். உண்டெனில், அதன்மேல் வேற்று விரிப்பை இட்டால் கருவி தவறாகக் கணிக்கக்கூடும். அங்கே சாய்வுக்கு மட்டும் விரிப்பிட்டு நிறுத்துவது அறிவுடைமை.

கம்பி விரிப்பை வெட்டலாகாது; எவ்வகை விரிப்பையும் மடிக்கலாகாது. மடிந்த இடம் மிகுதியாகச் சூடேறி உறையைப் பொசுக்கும். பாட்டரிக்கு அருகில் தனி ப்யூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டுமே மின்சாரம் வருமாறு ரிலே அமைக்க வேண்டும். வேறு வேலைக்குச் செல்லும் மெல்லிய வயரில் ஒட்டுப்போடுவதே பல தீவிபத்துகளுக்கு வித்து. இருக்கை நகரும்போது வயர் உராயாதபடி உறைக்குழாயும் சிறிது தளர்ச்சியும் வேண்டும். இறுதியாக, இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கையேட்டில் கண்ட அளவுக்கு முறுக்க வேண்டும். விபத்தில் நம்மைத் தாங்குபவை அவையே.

சட்டம் சொல்வது

வாகனத்தை மாற்றியமைப்பது பற்றிய முக்கிய வழக்கொன்று கேரளத்திலிருந்தே எழுந்தது. கேரள மோட்டார் வாகன விதிகளுக்கு இணங்கிய மாற்றம் செல்லும் என்னும் வகையில் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, உச்சநீதிமன்றம் 2019 ஜனவரி 9ஆம் நாள் தள்ளியது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்றும் வேறுபடுமாறு வாகனத்தை மாற்றலாகாது என்பது அதன் சாரம். அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளர்க்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது.

'மாற்றம்' என்பது வாகனத்தின் அடிப்படை இயல்பை வேறாக்கும் கட்டமைப்பு மாற்றம் என்று 52ஆம் பிரிவு விளக்குகின்றது. உறைக்கடியில் ஒரு விரிப்பிடுவது கட்டமைப்பைத் தொடுவதன்று. காற்றுப்பையோடு கூடிய அசல் இருக்கையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பந்தய இருக்கையை மாட்டுவது வேறு வகை, அதைச் செய்யாதீர்கள். விரிப்பு மட்டுமே ஆயினும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் மறுமொழி பெறுங்கள். பொருத்தியவரின் ரசீதையும் பேணி வையுங்கள். நாளை வயரிங்கில் தீப்பற்றினால் நம் சொல்லைக் கேட்பார் இரார், காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

வீட்டுப் பெரியவர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இனிமேல் கூறுவது. மகன் கார் வாங்கினால் முதலில் அமர்த்துவது தாயைத்தான். அத்தாய்க்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கலாம். அந்நோயால் நரம்புகள் மரத்துப்போனவர்க்குச் சூடு சூடாகத் தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகே தெரியும். அப்புண்ணும் எளிதில் ஆறாது. 44 டிகிரி என்னும் மிதமான வெப்பமே ஆறு மணி நேரம் ஓரிடத்தில் படிந்தால் தோலைச் சுட்டுவிடும். வெப்பம் கூடக் கூட நேரம் விரைந்து குறையும். முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்விழந்தவர்க்கும், பக்கவாதம் வந்தவர்க்கும், சொல்லத் தெரியாத குழந்தைக்கும் இவ்வாபத்து உண்டு. இவர்கள் அமரும் இருக்கையில் சூட்டுவிசையைத் தொடவே வேண்டா. மற்றவர்களும் உட்கார்ந்ததும் சில நிமிடம் போட்டு, இதமானதும் அணைத்துவிடுதல் நல்ல பழக்கம். தானே அணையும் விசை கிடைக்குமாயின் அதையே வாங்குங்கள்.

செலவும் தேவையும்

ஆண்டில் ஓரிரு முறை மட்டும் மூணாறு செல்வோர்க்கு, இருக்கைமேல் விரிக்கும் கம்பளி ஒன்றே போதும். இருக்கையைப் பிரிக்க வேண்டா. சட்டமும் இன்ஷூரன்ஸும் குறுக்கே வாரா. மாதந்தோறும் மலையேறுபவர்க்கும், குளிரில் முதுகுவலியால் வருந்துபவர்க்கும் சூடேறும் இருக்கை ஆடம்பரமன்று, பயனுள்ள கருவியே. அவர்கள் நல்ல பொருளை நல்ல கைகளிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்வதில் பிழையில்லை.

கையிலிருக்கும் பணத்துக்கு ஒரு வரிசை சொல்வோம். முதலில் பிரேக், அடுத்து டயர், அதன்பின் பாட்டரியும் பழைய வயரிங்கும், இவை எல்லாம் செம்மையான பிறகே இருக்கைச் சூடு. நேரியமங்கலம் தாண்டிய வளைவுகளில் நம்மைக் காப்பவை முதற்சொன்ன மூன்றே. பிறந்த மண்ணை விட்டு வந்து, வியர்வை சிந்திச் சேர்த்த பணம் இது. அது நம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் தரட்டும். அவர்களைப் பத்திரமாக வீடும் சேர்க்கட்டும்.