தார் விற்ற ஊரில் அறிவுத் தொழில்

அறிவுசார் கைத்தொழில்கள் தலைநகரை அண்டியே வளரும். பின்தங்கிய பிரதேசங்களுக்கு விவசாயமும் கூலி வேலையுமே கதி என்ற எண்ணம் எம்மிற் பலரிடம் வேரூன்றியுள்ளது. இது எவ்வளவு தூரம் உண்மை? பின்லாந்தின் வடபகுதியிலுள்ள ஒவுலு நகரின் அனுபவத்தை இங்கு நோக்குவோம்.

தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது இந்நகர். 19ஆம் நூற்றாண்டில் மரக்கப்பல்களுக்குப் பூசும் தாரை ஏற்றுமதி செய்தே இது செழித்தது. இரும்புக் கப்பல்கள் வந்ததும் அவ்வியாபாரம் படுத்துவிட்டது. பின்னர் மரக்கூழ் ஆலைகள் கைகொடுத்தன. ஆயினும் 1960களில் வட பின்லாந்தின் இளைஞர் யுவதிகள் பெருந்தொகையாக வேலை தேடிச் சுவீடனுக்குப் போயினர்.

மாற்றத்துக்கு வித்திட்டது கல்விக்கூடமே. 1958இல் இங்கு பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. 1974இல் அரச ஆராய்ச்சி நிலையத்தின் இலத்திரனியல் ஆய்வுகூடமும் வந்து சேர்ந்தது. படித்தவர்கள் ஊரிலேயே கிடைத்ததால் நொக்கியா அங்கு வேரூன்றியது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 1977இல் அயலூரான கெம்பெலேயில் தொடங்கிய போலார் நிறுவனம், இதயத்துடிப்பை அளக்கும் கருவிகளால் உலகப் புகழ் பெற்றது. 1982இல் சிறு நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் இயங்குவதற்கெனத் தொழினுட்பக் கிராமம் ஒன்றும் உருவானது. அருகருகே இருந்தோர் ஒருவரிடம் ஒருவர் கற்றனர்.

ஆனால், ஒரே கம்பனியின் நிழலில் பலர் வாழ்வதன் ஆபத்தும் வெளிப்பட்டது. 2014 ஏப்ரிலில் நொக்கியாவின் கைத்தொலைபேசிப் பிரிவை மைக்ரோசொப்ட் வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஒவுலுவிலிருந்த பிரிவை மூடப்போவதாக அறிவித்தது. தேர்ந்த பொறியியலாளர்கள் வேலையிழந்தனர். தார் வியாபாரம் வீழ்ந்த கதை மீண்டும் நிகழுமோ என்ற அச்சம் எழுந்தது.

அவ்வாறு நிகழவில்லை. கம்பனி போனாலும் கற்ற தொழில் மனிதரிடமே இருந்தது. பல்கலைக்கழகம் இருந்தது; நொக்கியாவின் வலையமைப்புப் பிரிவும் தொடர்ந்து இயங்கியது. 2013இல் அந்நகரில் தொடங்கப்பட்ட ஊரா நிறுவனம், உடல்நிலையைக் கணிக்கும் மோதிரத்தை இன்று பல நாடுகளில் விற்கின்றது.

கட்டடமும் வரிச்சலுகையும் கொடுத்து வெளியாரை அழைப்பதையே அபிவிருத்தி என நாம் பல வேளைகளில் எண்ணுகிறோம். ஒவுலுவில் முதல் கம்பனிகள் பேர் பெற இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்வியில் முதலிட வேண்டியிருந்தது. அத்தகைய பொறுமை எமக்கு உண்டா? எமது பிள்ளைகள் கற்ற கல்விக்கு ஊரிலேயே வேலை வேண்டுமெனில், இக்கேள்வியிலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.