எலும்புக்கு எப்படித் தெரிகிறது?

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் எலும்பும் வலுக் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னாராம். ‘பால், முட்டை எதிலும் குறை வைக்கவில்லையே, பிறகு ஏன்?’ என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கால்சியத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வந்து சேரும் கால்சியத்தைப் பூசுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எலும்புக்குள்ளேயே ஆள் இருக்கிறது.

ஆஸ்டியோசைட் என்று பெயர். எலும்புச் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவைதான். ஆளுக்கொரு குழியில் அடைந்துகிடந்து, மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்கள் வழியே கை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கால்வாய்களில் திரவம் உண்டு. நாம் ஓர் அடி வைத்தால் எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது, திரவம் நகர்கிறது. எங்கள் ஊர் வயலில் ஈர வரப்பை மிதித்தால் விரலிடுக்கில் நீர் கசியுமே, அப்படி. அந்த உரசலில் செல்லின் மேலுறையிலுள்ள பியசோ-1 என்ற புரதக் கதவு திறந்து, கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. பியசோ கதவுகளை 2010இல் அடையாளம் காட்டிய ஆர்டெம் படாபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எனக்குத் தீராத வியப்பு இனிமேல்தான். ஆஸ்டியோசைட் ஸ்கிலிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு கட்டும் செல்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. நடந்தால், குதித்தால் சுரப்பு குறைகிறது; கட்டுமான வேலை நடக்கிறது. சும்மா கிடந்தால் தடை இறுகுகிறது. எடையே உணராத விண்வெளி வீரர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழந்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் வயதான அம்மாவை ‘நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தர்றேன்’ என்று நாற்காலியிலேயே வைத்துவிட்டு, மறக்காமல் கால்சியம் மாத்திரை கொடுக்கிறோம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பை அவரே எழுந்து எடுக்கட்டுமே. தடுமாறினால் கை கொடுங்கள், நடையைப் பறிக்காதீர்கள்.

தடையே இல்லாவிட்டால்? தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் ஸ்கிலிரோஸ்டினுக்கான மரபணுவே பழுது. அவர்கள் எலும்பு லேசில் முறியாது. ஆனால் மண்டையோடு தடித்துக்கொண்டே போய் நரம்புகளை நெரிக்கும்; முகம் செயலிழக்கும், காது கேட்காமல் போகும். 2001இல் அந்த மரபணு பிடிபட்டது. பின்னர் ஸ்கிலிரோஸ்டினை முடக்கும் ரோமோசோசுமாப் ஊசி வந்து, 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒரு முறை, ஓராண்டுக்கு மட்டுமே போடுகிறார்கள். கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அதைப் போடக் கூடாது.