ஏலம் போன அரியணை

ரோமாபுரியின் அரியணையே ஒருமுறை ஏலத்துக்கு வந்தது தெரியுமா? கி.பி. 193 மார்ச் மாதம். பேரரசர் பெர்ட்டினாக்ஸை அவருடைய மெய்க்காவல் படையினரே வெட்டிக் கொன்றார்கள். பிறகு, அதிகப் பணம் தருபவருக்கே அரியணை என்றார்கள்! பாசறைக்குள்ளே நின்று கேட்டவர் சல்பீசியானஸ், கொல்லப்பட்டவரின் மாமனாரேதான். மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர் செல்வந்தர் டிடியஸ் ஜூலியானஸ். மாமனார் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் காசு தருவதாகச் சொல்ல, ஜூலியானஸ் விரல்களைக் காட்டி, ஒரே தாவலில் 25,000 என்று கூவினார். கதவு திறந்தது.

மக்கள் அவரைக் கல்லால் அடித்தார்கள். சிரியாவில் நைஜர், டான்யூப் கரையில் செவெரஸ் என்று தளபதிகள் தங்களையே பேரரசராக அறிவித்துக்கொண்டார்கள். செவெரஸின் படை ரோமை நெருங்கியதும், காசு வாங்கிய காவலர்களே ஜூலியானஸைக் கைவிட்டார்கள். 66 நாளில் ஆட்சியும் போனது, தலையும் போனது.

செவெரஸ் அந்தக் காவல்படையை ஆயுதமின்றி வரவழைத்து, வளைத்துக்கொண்டு, அப்படியே கலைத்துவிட்டார். நைஜரை 194-லும், பிரிட்டனிலிருந்து போட்டிக்கு வந்த அல்பினஸை 197-லும் முறியடித்தார்.