நிறுவலின்போது வன்பொருள் இயக்கிகளைக் கண்டறிதல்

வன்பொருள் இயக்கி என்பது கணினியின் ஒரு வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று கட்டளைகளைப் பரிமாறும் மென்பொருள் ஆகும். வழக்கில் இது டிரைவர் எனப்படுகின்றது. இயங்குதளம் ஒன்றைப் புதிதாக நிறுவும்போது உரிய இயக்கி கிடைக்காவிடில் வன்தட்டு, கம்பியில்லா வலையமைப்பு, ஒலி, திரை முதலியவை செயற்படாமற் போகலாம். இத்தகைய வேளைகளில் வன்பொருள் பழுதடைந்துவிட்டதாகக் கருதுவது பொதுவான தவறு. பெரும்பாலான நேரங்களில் வன்பொருள் நன்றாகவே இருக்கும். அதனை இயக்கத் தெரிந்த மென்பொருளே இல்லாதிருக்கும்.

அடையாள எண்கள்

பிசிஐ, யுஎஸ்பி ஆகிய இணைப்புகளில் பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியும் இரண்டு எண்களைத் தெரிவிக்கின்றது. ஒன்று தயாரிப்பாளரைக் குறிப்பது. மற்றது கருவியைக் குறிப்பது. இவை பதினறும முறையில் எழுதப்படும். எடுத்துக்காட்டாக, இன்டெல் நிறுவனத்தின் பிசிஐ தயாரிப்பாளர் எண் 8086 ஆகும். 1978ல் வெளிவந்த அந்நிறுவனச் செயலியின் பெயரும் இதுவே.

ஒவ்வோர் இயக்கியிலும் அது ஆதரிக்கும் எண்களின் பட்டியல் உள்ளது. நிறுவல் நிரல் கருவியின் எண்ணைப் படித்து, பொருந்தும் இயக்கியை ஏற்றுகின்றது. நிறுவல் வட்டு வெளியான பின்னர் சந்தைக்கு வந்த கருவியின் எண் அப்பட்டியலில் இராது. புதிய மடிக்கணினியில் பழைய இயங்குதளத்தை நிறுவும்போது சிக்கல் தோன்ற இதுவே முதன்மைக் காரணம்.

சிக்கலின் வகைகள்

ஒரே அறிகுறிக்கு மூன்று வேறுபட்ட காரணங்கள் இருக்கலாம்.

1. கருவியே தென்படாமை: அடையாள எண் கூடக் கிடைக்காது. பயாஸ் அமைப்பில் கருவி முடக்கப்பட்டிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், கருவி பழுதாகியிருக்கலாம்.
2. இயக்கி இல்லாமை: எண் கிடைக்கும், பொருந்தும் இயக்கி இராது.
3. நிலைப்பொருள் இல்லாமை: இயக்கி ஏற்றப்படும், ஆனால் கருவிக்குள் அனுப்பவேண்டிய நிலைப்பொருள் கோப்பு இராது. கம்பியில்லா வலையமைப்பு அட்டைகளில் இது மிகுதி.

லினக்ஸில் முனையத்தைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையை இட்டால் பிசிஐ கருவிகளின் பட்டியலும், டிமெஸ்ஜி கட்டளையை இட்டால் கருனியின் செய்திகளும் கிடைக்கும். நிலைப்பொருள் கோப்பு கிடைக்கவில்லையெனில் அதன் பெயரைக் கருனி இச்செய்திகளில் பெரும்பாலும் தெரிவித்துவிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் பகுதியில் மஞ்சள் நிற வியப்புக்குறியுடன் காட்டப்படும் கருவியின் பண்புகளில் அடையாள எண்ணைக் காணலாம். அங்கே பிழை எண் 28 எனில் இயக்கி நிறுவப்படவில்லை என்று பொருள். 10 எனில் கருவி தொடங்க இயலவில்லை என்று பொருள்.

வரலாறு

1990களின் முற்பகுதி வரை அட்டைகளிலிருந்த சிறு இணைப்பூசிகளை மாற்றி அமைத்தே வன்பொருள்கள் பொருத்தப்பட்டன. 1995ல் வெளியான விண்டோஸ் 95, கருவிகளைத் தானே அறியும் முறையைப் பரவலாக்கியது.

2001ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் ஏஎச்சிஐ முறையில் இயங்கும் சாட்டா வன்தட்டுகளுக்கான இயக்கி இல்லை. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டிலிருந்து இயக்கியைத் தரவேண்டியிருந்தது. 2009ல் வெளியான விண்டோஸ் 7ல் யுஎஸ்பி 3.0 இயக்கி இல்லாததால், பிந்தைய தாய்ப்பலகைகள் பலவற்றில் நிறுவலின்போது விசைப்பலகையும் சுட்டியும் செயற்படவில்லை.

டெபியன் லினக்ஸ், 2011ல் வெளியான தனது 6.0 பதிப்பின் கருனியிலிருந்து கட்டற்றதல்லாத நிலைப்பொருள்களை நீக்கியது. கொள்கையளவில் இது சரியெனக் கருதப்பட்டாலும், பயனர்கள் அக்கோப்புகளைத் தனியே தேடவேண்டியதாயிற்று. 2022ல் நடந்த வாக்கெடுப்பைத் தொடர்ந்து, 2023ல் வெளியான டெபியன் 12ன் நிறுவல் வட்டில் அவை சேர்க்கப்பட்டன.

தமிழ்நாட்டில்

சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ல் வெளியானது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் இது இடம்பெற்றது. இதனால் கன்னியாகுமரி முதல் சென்னை வரை மாணவர் பலர் லினக்ஸை முதன்முதலாகக் கண்டனர்.

இவ்வாறு முன்னரே நிறுவப்பட்டு வரும் கணினிகளில் தேவையான இயக்கிகள் யாவும் சேர்க்கப்பட்டிருக்கும். வன்தட்டை முழுவதும் அழித்து வேறோர் இயங்குதளத்தை நிறுவினால் அவையும் அழிந்துவிடும். கம்பியில்லா வலையமைப்பின் இயக்கி இல்லாமல் இணையம் இல்லை. இணையம் இல்லாமல் இயக்கியைப் பதிவிறக்க இயலாது. வீட்டில் வேறு கணினி இல்லாத மாணவர் இங்கேயே நின்றுவிட நேரும்.

தீர்க்கும் முறைகள்

* வலையமைப்பு: ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரலாம். இதற்கான இயக்கி பெரும்பாலான இயங்குதளங்களில் உள்ளது. இணைய இணைப்பைக் கோரும் விண்டோஸ் 11ன் முதல் அமைவிலும் இது உதவக்கூடும்.
* வன்தட்டு: 2020 முதல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்னும் அமைப்பு இயங்குவதால் விண்டோஸ் நிறுவலில் வன்தட்டு தென்படாது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் சேமிப்பக இயக்கியைப் பெற்று, யுஎஸ்பி நினைவகத்தில் விரித்து வைத்து, "லோடு டிரைவர்" பொத்தானின் வழியே தரவேண்டும்.
* திரை: லினக்ஸ் நிறுவலில் திரை கருமையாக நின்றால், தொடக்கப் பட்டியலில் கருனிக்கு "நோமோட்செட்" என்ற அளவுருவைச் சேர்க்கலாம். நிறுவல் முடிந்தபின் உரிய வரைகலை இயக்கியை நிறுவிக்கொள்ளலாம்.
* செக்யூர் பூட்: இது இயங்கும்போது கையொப்பமிடப்படாத இயக்கிகளைக் கருனி ஏற்காது. இயக்கி நிறுவப்பட்டும் செயற்படாவிடில் இதனைச் சரிபார்க்கவேண்டும்.

எச்சரிக்கைகள்

முன்பே விண்டோஸ் உள்ள கணினியில் ஏஎச்சிஐ, விஎம்டி அமைப்புகளை மாற்றினால் அந்த விண்டோஸ் தொடங்காமற் போகலாம். பிட்லாக்கர் இருப்பின் மீட்பு விசையும் கேட்கப்படலாம். ஆகவே பழைய அமைப்பைக் குறித்துவைத்தல் வேண்டும். அமைப்பைத் திரும்ப மாற்றினால் விண்டோஸ் வழக்கம்போல் தொடங்கும்.

வன்தட்டு தென்படாத நிலையில், பட்டியலில் காணப்படும் வேறொரு வட்டைத் தெரிவு செய்துவிடக்கூடாது. அது கோப்புகள் உள்ள யுஎஸ்பி நினைவகமாக இருக்கலாம். இயக்கிகளைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்தோ இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்தோ மட்டுமே பெறவேண்டும். இயக்கிகள் கருனியின் உரிமையோடு இயங்கக்கூடியவை என்பதால், அறியாத தளங்களிலுள்ள "இயக்கித் தொகுப்புகள்" தீங்கு விளைவிக்கலாம்.

நிறுவலுக்கு முன்னரே அடையாள எண்களைக் குறித்துக்கொள்வதும், வலையமைப்பு இயக்கியைத் தனியே சேமிப்பதும், லினக்ஸ் எனில் நேரடி வட்டில் இயக்கிப் பார்ப்பதும் நன்று. நேரடி வட்டில் செயற்படும் கருவி, அதே பதிப்பை நிறுவிய பின்னரும் பெரும்பாலும் செயற்படும்.

இவற்றையும் பார்க்க

* இயங்குதளம்
* கருனி
* நிலைப்பொருள்
* பாஸ் லினக்ஸ்