மனச்சோர்வும் உடற்பயிற்சியும்

மனச்சோர்வுக்கான உடற்பயிற்சி என்பது மனச்சோர்வு, இழப்புத் துயர் போன்ற நிலைகளில் உள்ளோர் தம் நலனுக்காக அளவோடு மேற்கொள்ளும் உடலியக்கம் ஆகும். நடத்தல், நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், யோகாசனம் ஆகியன இதில் அடங்கும். எடையைக் குறைத்தலோ போட்டிக்கு ஆயத்தமாதலோ இதன் நோக்கம் அன்று.

ஆய்வு

ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தல் குழுவினர் நடத்திய ஆய்வு 1999 இல் வெளியானது. மனச்சோர்வு நோயுற்ற, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேர் இதில் பங்குபற்றினர். ஒரு குழுவினர் உடற்பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினர் செர்ட்ராலின் மருந்து உட்கொண்டனர். மூன்றாம் குழுவினர் இரண்டையும் மேற்கொண்டனர். 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் கண்டன. எனினும் மருந்து மட்டும் பெற்றோரிடம் தொடக்க முன்னேற்றம் விரைவாகத் தென்பட்டது.

தொடங்குவதில் உள்ள இடர்

மனச்சோர்வு களைப்பையும் ஆர்வமின்மையையும் உண்டாக்குவதால், தனக்கு உதவக்கூடிய செயலையே நோயாளிக்குக் கடினமாக்குகின்றது. இதனைச் சோம்பல் எனக் கருதுவது தவறு. ஊக்கம் வரும்வரை காத்திராமல் சிறு செயலொன்றைத் தொடங்கி, அதன் வழியே ஊக்கம் பெறுவது நடத்தைசார் உளச்சிகிச்சையின் அணுகுமுறை ஆகும்.

தற்பரிவு

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003 இல் தற்பரிவின் மூன்று கூறுகளை விளக்கினார். அவை:

* தன்னிடம் கனிவு
* துன்பம் மாந்தர் அனைவர்க்கும் பொது என்னும் உணர்வு
* துயரை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் நோக்கும் விழிப்புணர்வு

30 நிமிடம் நடக்க எண்ணியவர் 5 நிமிடத்தில் திரும்பினால், அதனைத் தோல்வியெனக் கருதித் தம்மை இகழ்ந்துகொள்ளக்கூடும். அவ்விகழ்ச்சி மறுநாள் நடையையும் தடுக்கலாம். தற்பரிவு உடையவரோ அந்த 5 நிமிடத்தையும் கணக்கில் கொள்வார். உடலியக்கம் ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடம் நீடிக்க வேண்டும் என்னும் முந்தைய வரையறையை உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் கைவிட்டது. சிறிதளவு இயக்கமும் இயக்கமின்மையைவிட நன்று என அது கூறுகின்றது.

அளவு

நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாதிருப்பின் அது மிதமான இயக்கம் ஆகும். பாடவும் முடிந்தால் அது மெல்லிய இயக்கம். கடினமான நாட்களில் அதுவே போதுமானது. உணவோ உறக்கமோ இல்லாத நாளில் ஓய்வு கொள்வதும் தற்பரிவே ஆகும்.

எச்சரிக்கை

உடற்பயிற்சியை நம்பி மருத்துவர் அளித்த மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. உண்ணுதல் கோளாறு உள்ளோரிடம் உடற்பயிற்சியே கட்டாயச் செயலாக மாறக்கூடும் என்பதால் அவர்கள் மருத்துவ ஆலோசனை பெறுதல் வேண்டும். தற்கொலை எண்ணம் தோன்றின் உடனடி மருத்துவ உதவி தேவை.

இவற்றையும் பார்க்க

* மனச்சோர்வு
* உளச்சிகிச்சை
* யோகாசனம்