களத்துமேடும் கச்சேரியும்

களத்தில் நெல்லைத் தூற்றி அளந்துகொண்டிருக்கும் குடியானவரிடம் இந்தப் போகம் மகசூல் எப்படி என்று விசாரிக்கும் நாம், அவரிடம் நிலத்தீர்வை தண்டுவதையே தம் பூர்வீக உத்தியோகமாகக் கொண்ட தாசில்தாரின் பெயரும் அந்த மகசூலோடு உடன்பிறந்த சொல்லே என்பதை அநேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை.

அரபு மொழியின் சொற்களிற் பெரும்பாலானவை மூன்று மெய்களாலாகிய தாதுக்களிலிருந்து பிறப்பவை. ஹா, ஸாத், லாம் என்னும் மூன்றும் கூடிய தாதுவுக்குக் கிடைத்தல், எஞ்சி நிற்றல் என்பன பொருளாக, அதினின்று கைக்கு வந்த பயன் ‘ஹாஸில்’ என்றும், ஈட்டப்பட்ட பொருள் ‘மஹ்ஸூல்’ என்றும், ஈட்டும் செயல் ‘தஹ்ஸீல்’ என்றும் வழங்கலாயின. குர்ஆனின் சொற்களுக்கு அகராதி வகுத்த ராகிப் அல் இஸ்ஃபஹானீ, தஹ்ஸீலாவது மேல்தோலை நீக்கி உள்ளிருக்கும் சாரத்தை எடுத்தல் என்று விளக்கி, சுரங்கக் கல்லிலிருந்து பொன்னையும் வைக்கோலிலிருந்து கோதுமையையும் பிரிப்பதை அதற்குத் திருஷ்டாந்தமாகக் காட்டுகிறார். வினைமூலத்துக்கும் உலோக மூலத்துக்கும் சம்ஸ்கிருதம் ‘தாது’ என்று ஒரே பெயரிட்டிருப்பதை இங்கே நினைக்கும்போது வியப்பே மேலிடுகிறது. குர்ஆனில் ஒரே ஓரிடத்தில், 100-ஆம் அத்தியாயத்தில், வரும் இத்தாது, நெஞ்சங்களில் ஒளிந்து கிடப்பவை இறுதி நாளில் வெளிக்கொணரப்படுவதைக் குறிக்கிறது.

பறவையின் இரைப்பைக்கு அரபியில் வழங்கும் ‘ஹவ்ஸலா’வையும் அகராதிகள் இத்தாதுவின் கீழேயே வைக்கின்றன; அதுவே பாரசீகத்தின் வழியாக உருதுவை அடைந்து, கொள்ளளவு என்னும் கருத்தினின்று மனத்திண்மையைக் குறிக்கும் ‘ஹௌஸலா’வாக உயர்ந்துவிட்டது. துருக்கியர் கல்வியைத் ‘தஹ்ஸில்’ என்கின்றனர். மலாய்க்காரர் விளைபயனை ‘ஹாஸில்’ என்கின்றனர். தத்துவஞானி அல் ஃபாராபியோ பேரின்பத்தை அடைதல் பற்றிய தம் நூலுக்கே தஹ்ஸீல் என்னும் சொல்லைத் தலைப்பில் அமைத்தார்.

நம் தேசத்திலோ, மொகலாயர் காலத்து ராஜாங்க பாஷையாகிய பாரசீகம் தஹ்ஸீலோடு, உடையவர் என்று பொருள்படும் தன் ‘தார்’ விகுதியைச் சேர்த்துத் தாசில்தாரை உண்டாக்க, கம்பெனியாரும் அப்பதவியை அப்படியே ஏற்று நடத்தினர். வசூலை மட்டும் இக்குடும்பத்தில் சேர்த்துவிடலாகாது. ஓசையால் ஒத்திருப்பினும், அது வந்து சேர்தலைக் குறிக்கும் வேறொரு தாதுவின் வழித்தோன்றல்.

இன்று அலுவலகப் பலகையில் வட்டாட்சியர் என்றே எழுதியிருக்கிறது; மகசூலுக்கும் விளைச்சல் என்னும் இனிய சொல் நம்மிடம் உண்டு. ஆயினும் பதரை நீக்கி மணியைக் கண்ட பின்னரே அரசின் பங்கைப் பேச வேண்டும் என்னும் நியாயத்தை, இந்தத் தாதுவைப்போல் ஒருசேரக் காட்டும் சொல் வேறில்லை.