ஒளியால் எழுந்த ஆலயம்

ஆலயம் என்றதும் உயர்ந்த கோபுரமும், புனிதர்களின் உருவம் தீட்டிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அமெரிக்காவில், இயேசு சபையினரின் சியாட்டில் பல்கலைக்கழக வளாகத்தில், ஒளியையே அணிகலனாய்ப் பூண்ட சிற்றாலயம் ஒன்று உண்டு. அதுவே 1997-ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட புனித இஞ்ஞாசியார் சிற்றாலயம். அதை வடிவமைத்தவர் ஸ்டீவன் ஹால் என்னும் கட்டடக் கலைஞர்.

இதன் சுவர்கள் 21 கான்கிரீட் பலகைகளால் ஆனவை. அவற்றைத் தரையில் படுக்கவைத்து வார்த்து, பாரந்தூக்கியால் நிமிர்த்தி, ஒன்றோடொன்று பொருத்தினார்கள். தூக்குவதற்கு விட்ட குழிகளைப் பூசி மறைக்காமல் வெண்கல மூடிகளால் அழகு செய்தார்கள்.

உள்ளே வெள்ளைச் சுவரில் மஞ்சளும் நீலமும் படர்ந்திருக்கும். ஆனால் சுவரில் அந்த வண்ணம் பூசப்படவில்லை! அப்படியானால் நிறம் எங்கிருந்து வருகிறது? சன்னல்களுக்கு முன் தடுப்புச் சுவர்கள் நிற்கின்றன. நம்மை நோக்கிய பக்கம் வெள்ளை, மறுபக்கத்தில்தான் வண்ணம். வெயில் அதன்மேல் பட்டுத் திரும்பி, வெள்ளைச் சுவரில் நிறமாய்ப் படிகிறது. வெயிலில் பிடித்த சிவப்புத் தாளை வெள்ளைச் சுவரருகே கொண்டுபோனால் நாமும் இதைக் காணலாம்.

ஒவ்வொரு தடுப்பிலும் எதிர்நிறக் கண்ணாடி ஒன்றும் உண்டு. பாடகர் பகுதியில் பச்சை ஒளி, சிவப்புக் கண்ணாடி. நற்கருணைப் பீடத்தில் ஆரஞ்சு ஒளி, ஊதாக் கண்ணாடி. ஒப்புரவு அறையில் ஊதா ஒளி, ஆரஞ்சுக் கண்ணாடி. மேகம் மறைத்தால் நிறம் மங்கும், விலகினால் மலரும். இரவுத் திருப்பலியின்போதோ உள்விளக்குகளின் ஒளி வெளியே வீசி வளாகத்திற்கே விளக்காகும்.

இவ்வமைப்புக்குப் பொருள் உண்டு. 1521-இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார், தம் உள்ளத்தில் மாறிமாறி எழுந்த ஆறுதலையும் வறட்சியையும் உற்றுநோக்கினார். அங்கேதான் அவர் மனமாற்றம் தொடங்கியது. மங்கியும் மலர்ந்தும் வரும் இந்த ஒளி அதையே நினைவூட்டுகிறது.

தேர்வுக் கவலையிலும் வீட்டுத் துயரிலும் நம் செபம் வறண்டுபோகும் நாட்கள் உண்டு. மேகம் மூடிய வேளையிலும் கதிரவன் வானில்தான் இருக்கிறான். இதை இந்த ஆலயம் சொல்லாமல் சொல்கிறது. நாம் மனத்தில் கொள்வோம்.